சின்னக் கல்லூரியில் நரம்பியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் கல்லூரியில் மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நரம்பியலுக்கு (நியூரோசயின்ஸ்) தனித் துறை இல்லை. உயிரியல் படித்துவிட்டு மேற்படிப்பில் மாற முடியுமா?

தாராளமாக. உயிரியல், உளவியல், இயற்பியல், கணினி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இதற்குள் ஆட்கள் வருகிறார்கள். செல் உயிரியலை ஆழமாகப் படியுங்கள், விருப்பப் பாடமாக உளவியலில் புலனுணர்வோ கற்றலோ கிடைத்தால் விடாதீர்கள்.

கே: ஸ்கேனர் கிடையாது, பெரிய ஆய்வகமும் கிடையாது. இங்கே என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும்?

நிறையவே முடியும். இந்தத் துறையின் அடிப்படைகளில் பல எளிய உயிர்களிடமிருந்து வந்தவை. நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் சமன்பாடுகளாக எழுதியது கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து பார்த்துத்தான். நினைவு எப்படிப் பதிகிறது என்பதைக் கடல் நத்தை ஒன்றில் தேடிப்போன எரிக் கேண்டலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்களுக்கு மண்புழு போதும். அதன் உடல் நெடுக ஓடும் பெரிய நரம்பிழையில், தூரம் தெரிந்த இரண்டு இடங்களில் எலெக்ட்ரோடு வைத்து, துடிப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தால் அதன் வேகம் கிடைத்துவிடும். தேவை ஒரு ஆம்ப்ளிஃபயரும் கணினியும்தான். அப்புறம் பதிவில் கலக்கும் மின் இரைச்சலுக்கு நடுவே துடிப்பைப் பிரித்தெடுக்க நீங்களே போராடுவீர்கள் பாருங்கள், பெரிய ஆய்வகங்களில் பிஎச்டி மாணவர்களுக்குப் பின்னால் நிற்கும் இளங்கலை மாணவர் பலருக்கு அந்தப் போராட்டம் வாய்ப்பதே இல்லை.

விலங்கு வேண்டாம் என்றால், அமெரிக்காவின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் எலி மூளைத் தரவுகளை இலவசமாகவே தருகிறது, ஓப்பன்நியூரோ என்ற இணையதளத்தில் மனித மூளை ஸ்கேன்கள் கிடைக்கின்றன. ஆனால் தரவை இறக்கிவைத்துக்கொண்டு கேள்வியைத் தேடாதீர்கள், கேள்வி முதலில் வரட்டும். சக மாணவர்களை வைத்து எதிர்வினை நேரம் அளப்பதாக இருந்தால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் எடுத்த தரவைப் பிறகு வெளியிடுவது பெரும்பாடு.

கே: கணக்கு என்றாலே பயம். அது இல்லாமல் சமாளிக்கலாமா?

புள்ளியியல் இல்லாமல் முடியாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து எலிகளில் பார்த்த வித்தியாசம் உண்மையா தற்செயலா என்று சொல்லத் தெரியாதவர் அடுத்தவருடைய கட்டுரையையும் நம்பித்தான் ஆக வேண்டும். கூடவே பைத்தான் நிரல்மொழி. மூளையின் வேலையைக் கணித மாதிரிகளாக்கிப் பார்க்கும் கணிப்பு நரம்பியல் பக்கம் போகிறீர்கள் என்றால் மட்டும் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேண்டும்.

கே: மூளை பற்றி ஆய்வு செய்பவர் எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு பேராசிரியர்தான். எப்போது அணுகலாம்?

இரண்டாம் ஆண்டிலேயே, கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். "ப்ராஜெக்ட் இருக்கிறதா சார்?" என்று வெறுங்கையோடு போகாமல், அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, புரியாத ஒரு படத்தைக் காட்டிக் கேளுங்கள். உங்களோடு இரண்டு வருடம் வேலை பார்த்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் நீங்கள் தப்பான முடிவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது வரை இருக்கும், பிஎச்டி தேர்வுக்குழு அதைத்தான் தேடுகிறது. ஒரே ஆளை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள், கோடை விடுமுறையில் வேறு ஆய்வகத்துக்குப் போய்வாருங்கள்.

கே: நரம்பியல் படித்தால் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கலாமா?

முடியாது. அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். இரண்டு ஆசையும் இருந்தால் மருத்துவ நுழைவுக்குக் கேட்கும் வேதியியல், இயற்பியல் பாடங்களை முதலாண்டிலிருந்தே விடாமல் எடுத்துவாருங்கள்.