சிறுவயதுத் துன்பம் பிற்கால இதய நோய்க்குக் காரணமாகுமா?

குடியாத்தம் பக்கம் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவயதிலேயே பீடி சுற்ற அனுப்பப்பட்ட உங்கள் தந்தையாருக்கு, புகையும் குடியும் இல்லாதபோதும் ஐம்பது வயதில் இதய நோய் வந்ததற்கு அந்தக் காலத் துன்பம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம்; அதுதான் காரணம் என்று ஒரு தனிமனிதரைச் சுட்டிச் சொல்ல இயலாது.

அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், தாய் தாக்கப்படுவதைக் காணுதல் முதலிய 7 வகைத் துன்பங்களில் எத்தனை கூடினவோ அந்த அளவுக்கு இதய நோயும் நாட்பட்ட நுரையீரல் நோயும் படிப்படியாகக் கூடியிருந்தன. கொத்தடிமை வேலையும் பசியும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது, நம் வட ஆற்காட்டுக் கண்கொண்டு பார்த்தால், பெரிய குறைதான்.

துன்பம் நோயாக மாறும் வழிகளுள் ஒன்று, அதை மறக்கப் புகையையும் மதுவையும் நாடுவது. ஆனால் பழக்கங்கள் மட்டுமே முழு விளக்கம் ஆகா. மேற்பார்வையாளரின் அடிக்கு நாள்தோறும் அஞ்சும் குழந்தையின் உடலில் அச்சத்திலும் மன அழுத்தத்திலும் சுரக்கும் கார்டிசால் முதலிய சுரப்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அவை சுரக்கும் ஒழுங்கே குலைந்துவிடும்போது, இரத்த அழுத்தமும் மெல்லிய நாட்பட்ட அழற்சியும் பல ஆண்டுகள் நீடித்து இரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடும். உங்கள் தந்தையார் சுவாசித்த புகையிலைத் தூளையும் மருத்துவரிடம் தனியே குறிப்பிடுங்கள்.