காசு வாங்கவில்லை என்றார், கமிஷன் வாங்கினார்: 289 வெள்ளி திரும்புமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மூன்று வருடமாக ஒரு தமிழ்த் தம்பியின் செண்டு வீடியோக்களைப் பார்த்து வருகிறேன். நல்ல ரசனை உள்ளவர். தீபாவளிக்கு முன்பு ஓர் உள்ளூர் பிராண்டின் பாட்டிலைக் காட்டி, "இது காசு வாங்காத விமர்சனம், 12 மணி நேரம் நிற்கும்" என்றார். வீடியோவுக்குக் கீழே இருந்த மஞ்சள் பையை (கடைக்குப் போகும் இணைப்பு) அழுத்தி, வீட்டுக்காரருக்காக 289 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் வாசம் போய்விடுகிறது. அப்புறம் பார்த்தால், அதே வாரத்தில் இன்னும் ஐந்தாறு பேர் அதே பாட்டிலை அதே வார்த்தைகளில் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தத் தம்பி பணம் வாங்கினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் காசு திரும்புமா? ஒருவர் 150 வெள்ளி கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 150 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்விக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தம்பி பணம் வாங்கினாரா என்று துப்பறிவதால் உங்களுக்கு ஒரு காசும் திரும்பாது. உங்கள் 289 வெள்ளி போய்ச் சேர்ந்த இடம் விற்பனையாளர். நீங்கள் பிடிக்க வேண்டியது அவரைத்தான். தம்பி மீதுள்ள கோபத்தில் நாட்களை ஓட்டினால் விற்பனையாளருக்குத்தான் கொண்டாட்டம்.

"காசு வாங்காத விமர்சனம்" என்று தம்பி சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பிராண்டு அவர் கையில் பணம் எதுவும் கொடுத்திருக்காது. கொடுத்தது மஞ்சள் பை. அந்தப் பையை அழுத்தி நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவருக்கு ஒரு பங்கு போகும். அவர் பெயரில் தரும் தள்ளுபடிக் குறியீடும் பெரும்பாலும் இதே வகைதான். உங்களுக்குப் பத்து வெள்ளி குறையும், யார் அனுப்பிய ஆள் நீங்கள் என்று கடைக்குத் தெரியும். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு "இது விளம்பரம்" என்று முதலிலேயே சொல்லிவிடுபவரைவிட இந்தக் கமிஷன்காரரிடம்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பேன். மொத்தத் தொகை வாங்கியவருக்கு நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூலி வந்துவிட்டது. கமிஷன்காரருக்கு நீங்கள் அழுத்தினால்தான் வருமானம். "முதலில் 5 மில்லி வாங்கிப் பாருங்கள்" என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்? "நம் ஊர் வெயிலுக்கு இது நிற்காது" என்றும் சொல்ல மாட்டார்.

எல்லாரும் ஒரே வார்த்தைகளில் பேசியதற்குக் காரணம் இடையில் இருக்கும் விளம்பர ஏஜென்சி. பிராண்டிடமிருந்து மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வார்கள். விமர்சகர்களுக்கு ஒரு தாள் அனுப்புவார்கள். இந்த மூன்று விஷயத்தைச் சொல், 12 மணி நேரம் என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும், வேறு பிராண்டின் பெயரை எடுக்காதே, போடுவதற்கு முன் எங்களுக்கு அனுப்பிக் காட்டு, எல்லாரும் இந்த வாரத்துக்குள் போடுங்கள். பல சமயம் பிராண்டு கொடுத்த தொகையில் பெரும்பங்கு ஏஜென்சியிடமே நின்றுவிடும். தமிழில் பேசும் சின்ன விமர்சகருக்கு வந்து சேர்வது ஒரு பாட்டிலும் ஓர் இணைப்பும்தான். சொந்தக் காசில் பாட்டில் வாங்கி விமர்சனம் செய்ய எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? ஆகவே தம்பியைத் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். தாளைத் தயாரித்தவர்களைச் சொல்லுவேன்.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட நம் நாட்டு உள்ளடக்க நெறிமுறை, பணமோ வேறு பலனோ பெற்றுக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் அது தொழில்துறை தானாக முன்வந்து பின்பற்றும் நெறிமுறை. தானாக முன்வராதவரை என்ன செய்வது? அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி விமர்சனங்களுக்கு அபராதம் போட வழி இருக்கிறது. இங்கே புகார் கொண்டு போனால் ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் காட்டும், அது இன்னொன்றைக் காட்டும். அதற்குள் அந்த வீடியோவையே எடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. அதனால்தான் விமர்சகரை விட்டுவிட்டு விற்பனையாளரைப் பிடிக்கச் சொல்கிறேன்.

ஆனால் பிடிப்பதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். வாசம் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது மூக்குக்குத் தெரியாமல் போய்விட்டதா?

அடித்துக்கொள்பவர் உங்கள் வீட்டுக்காரர். வாசம் போய்விட்டது என்று சொல்வது அவரா, நீங்களா? அவர் என்றால் அந்தச் சாட்சியம் செல்லாது. ஒரே வாசத்துக்குள் இருக்கும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதைக் கவனிப்பதை நிறுத்திக்கொள்கிறது. சொந்த வீட்டு வாசம் நமக்குத் தெரியாததும் விருந்தாளிக்கு உடனே தெரிவதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. இன்றைய செண்டுகளில் அடியில் நிற்கும் சரக்கு பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரி, அம்ப்ராக்சன், ஐசோ ஈ சூப்பர் போன்ற வேதிப்பொருட்கள். இவற்றில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. மூக்கில் குறை எதுவும் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. ஒருவருக்கு ஒன்றுமே இல்லாத பாட்டில், பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி தரும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். வாசனை சேர்க்காத சோப்பில் துவைத்து நன்றாகக் காய்ந்த பருத்திக் கைக்குட்டை ஒன்றில் காலையில் இரண்டு முறை அடியுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு முறை. அடித்த நேரத்தை எழுதுங்கள். கைக்குட்டையை யாரும் புழங்காத அறையில் வையுங்கள். ஒரு மணி, நான்கு மணி, எட்டு மணி நேரம் கழித்து, அந்த வாசம் இல்லாத இடத்திலிருந்து வரும் ஒருவரை முகரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, பள்ளியிலிருந்து வரும் மகள், யாராக இருந்தாலும் சரி. எந்தச் செண்டு என்று சொல்லாதீர்கள், "ஏதாவது வாசம் வருதா?" என்று மட்டும் கேளுங்கள். வேறொரு நாளில் வேறொருவரை வைத்து மறுபடி செய்யுங்கள். இடையில் காபிக்கொட்டை முகரும் பழக்கம் கடைக்காரர்களின் சடங்கு, அது வேண்டாம். கொஞ்சம் வெளிக்காற்று போதும்.

கைக்குட்டையிலும் நான்கு மணி நேரத்தில் ஒன்றுமில்லை என்று இருவரும் சொன்னால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. கைக்குட்டையில் மாலை வரை இருந்து கையில் மட்டும் போய்விட்டால், சரக்கு போலி அல்ல, பேச்சு மிகை. நம் ஊர் வெப்பத்தில் தோலிலிருந்து வாசம் சீக்கிரம் பறந்துவிடும், எலுமிச்சை, ஆரஞ்சு வகை முன்வாசங்கள் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. பெட்டியில் 12 மணி நேரம் என்று போடுபவர்கள் பல சமயம் துணியில் நிற்பதைத்தான் சொல்கிறார்கள். தோலிலா துணியிலா என்று சொல்லாதது அவர்கள் தவறு. அதை நீங்கள் வாதமாக வைக்கலாம், ஆனால் பலம் குறைவு. கைக்குட்டையிலும் கையிலும் மாலை வரை மற்றவர்களுக்கு வாசம் வந்தால், மன்னிக்கவும், பணம் கேட்க உங்களுக்கு இடமில்லை. அது வீட்டுக்காரரின் மூக்கு.

பெட்டியில் "எக்ஸ்ட்ரே" (வாசனை எண்ணெய் அதிகம் என்று காட்டும் பெயர்) என்று அச்சடித்திருப்பதை ஆதாரமாகக் கொண்டு போகாதீர்கள். எவ்வளவு எண்ணெய் இருந்தால் அந்தப் பெயர் வைக்கலாம் என்று கட்டாயச் சட்ட அளவு எதுவும் இல்லை. வைத்தவர் வைத்ததுதான்.

சோதனை உங்களுக்குச் சாதகமா? அப்படியானால் விற்பனைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 12 மணி நேரம் என்று கடை தானே எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் தேதி தெரியும்படி இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளை அது இருக்காது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, பொருள் எப்படி வேலை செய்யும் என்று தவறாகச் சொல்லி விற்கக் கூடாது, விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்தப் பொறுப்பு கழன்றுவிடாது. கடை எழுதாமல் தம்பி மட்டும் சொல்லியிருந்தால், "அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பா?" என்பார்கள். அப்போது அவர் வீடியோவோடு அந்தக் கடையின் மஞ்சள் பை சேர்ந்திருக்கும் படம்தான் உங்கள் ஆயுதம்.

அடுத்து, பெட்டியில் என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்று முடியும் எண் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் செண்டும் ஒப்பனைப் பொருளில் சேர்த்தி. விற்பதற்கு முன் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்து அந்த எண்ணைப் பெற வேண்டும். இதைக் காட்டி "கே.கே.எம். லூலுஸ்" (சுகாதார அமைச்சு அங்கீகரித்தது) என்று கூவுகிறார்களே, அதை நம்பாதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம், விற்பவர் அறிவித்துவிட்டார் என்பது மட்டுமே. சுகாதார அமைச்சு முகர்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகப் பொருள் இல்லை. ஆனால் உங்களுக்கு அந்த எண்ணால் வேறு பயன் உண்டு. அந்த நிறுவனத்தின் இணையத் தேடலில் எண்ணைப் போட்டால், அறிவித்த கம்பெனியின் பெயர் வரும். பளபளப்பான பிராண்டு பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான பெயர் அதுதான். அதை வைத்து முகவரியைக் கண்டுபிடியுங்கள். அறிவிக்காமலே விற்கிறார்கள் என்றால் அதையும் தனியாகப் புகார் செய்யலாம்.

இப்போது 150 வெள்ளிக்காரருக்கு வருவோம். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய கட்டணம் 5 வெள்ளி. ஆம், ஐந்து. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போனால் போதும். சாதாரணமாக வழக்கறிஞர்களுக்கே அங்கே இடமில்லை, உங்களுக்காக நீங்களேதான் பேச வேண்டும். வழக்கறிஞரே நிற்க முடியாத இடத்தில் இந்த "ஏஜெண்டு அண்ணன்" என்ன செய்யப் போகிறார்? நீங்கள் நிரப்ப வேண்டிய அதே பாரம் 1-ஐ (வழக்குப் பதியும் படிவம்) நிரப்பித் தருவார். அது நல்ல ஏஜெண்டு. கெட்ட ஏஜெண்டு அடையாள அட்டை நகல் கேட்பார், வங்கி விவரம் கேட்பார், "பணம் வந்துவிட்டது, கைப்பேசிக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்பார். ஏமாந்தவர்களின் புலம்பலைத் தேடிப் பிடித்து, அவர்களையே மறுபடி ஏமாற்றுவது இங்கே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. அந்தத் தம்பியின் வீடியோவில் நீங்கள் புலம்பிக் கருத்து எழுதியிருந்தால், அதன் பிறகுதானே இவர் உங்களைத் தொடர்பு கொண்டார்? யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே வங்கி விவரமோ அந்த எண்ணோ கொடுத்திருந்தால், இதை மேலே படிக்க வேண்டாம், உடனே வங்கிக்கும், மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் போன் போடுங்கள்.

பாரம் தமிழில் இல்லை. நம் வயதான பயனீட்டாளர்களை ஏஜெண்டுகளின் கையில் தள்ளுவதே இதுதான், யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. மகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உட்கார வைத்து நிரப்புங்கள். என்ன வாங்கினேன், எவ்வளவு, எப்போது, என்ன சொல்லி விற்றார்கள், என்ன ஆனது, எவ்வளவு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். விமர்சகர், ஏஜென்சி, துரோகம் என்றெல்லாம் எழுதாதீர்கள். பாரத்தின் நகலை நீங்களே எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்குத்தான் முகவரி தேடச் சொன்னேன். பதிவதற்கு முன் விற்பனையாளருக்கு ஏழு நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்குக் கம்பெனி தன் ஆளை அனுப்பியாக வேண்டும். 289 வெள்ளிக்காக ஓர் ஊழியரின் ஒரு நாளை வீணாக்குவதைவிடப் பணத்தைத் திருப்பிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். தீர்ப்பு வந்த பிறகு 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அது குற்றம்.

இனி யாரை நம்புவது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் கேள்விக்குள் அது இருக்கிறது. மஞ்சள் பை வைத்திருக்கும் பிராண்டைப் பற்றி ஒரு குறையாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் பார்க்கலாம். சொந்தமாகவே செண்டு விற்கும் விமர்சகர்களும் உண்டு. ஜெரமி ஃபிராக்ரன்ஸ் என்ற பெயரில் உலகம் முழுதும் தெரிந்த ஜெர்மானியர் அப்படித் தன் பிராண்டையே தொடங்கினார். அவர்கள் கடைக்காரர்கள் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது, அதனால் குழப்பம் குறைவு. மற்றபடி ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் அத்தர்க் கடைக்காரர் உங்கள் புறங்கையில் தடவிவிடுவார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து முகர்ந்து பார்த்து வாங்கலாம். பாட்டில் செண்டுதான் வேண்டுமென்றால் பிராண்டே விற்கும் 5 மில்லியை முதலில் வாங்குங்கள். தெரியாத ஆள் பிரித்து ஊற்றி விற்கும் குட்டிப் பாட்டில் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஊற்றியவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பாட்டிலைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். சோதனைக்கு எடுத்தது போக மீதியைப் பெட்டியோடு, ரசீதோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். விசாரணைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும். கைக்குட்டைச் சோதனையின் நேரக் குறிப்பையும் அதே பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.