அரிசி மாவில் 'அமைலோஸ்' என்றால் என்ன? ஆய்வகத்தில் அதை ஏன் அளக்கிறார்கள்?

அரிசி மாவில் பெரும்பங்கு ஸ்டார்ச் (மாவுச்சத்து). அதில் இரண்டு வகை உண்டு: நீள இழையாக இருப்பது அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிந்திருப்பது அமைலோபெக்டின். நம்ம குமரி மாவட்டத்துக்காரருக்குத் தேங்காய்த் தும்பை (நாரை) வைத்தே சொல்லிவிடலாம். நீளமான தும்பு ஒன்றோடொன்று சேர்ந்து கயிறாக இறுகும். முருங்கைக் கிளைகளை அப்படி முறுக்க முடியாது. மாவு வெந்து ஆறும்போது அமைலோஸ் இழைகள் அருகருகே படிந்து இறுகுகின்றன. இடியாப்பம் இழை இழையாக நிற்பதும், ஆறிய சோறு விறைத்துப்போவதும் இதனால்தான்.

சோதனை எளிது. மாவைக் காரக் (ஆல்கலி) கரைசலில் கரைத்து, பிறகு அமிலம் சேர்த்து அயோடின் விடுவார்கள். அமைலோஸ் இழை சுருள்கம்பி போல வளைந்து அயோடினை உள்ளே பிடித்துக்கொள்ளும், கரைசல் கருநீலமாகும். அந்த நீலத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து சதவீதம் சொல்லும். 25-க்கு மேல் என்றால் உதிரி உதிரியான சோறு, 20-க்குக் கீழே குழைவு. ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை, அதனால் நீலத்துக்குப் பதில் செம்பழுப்புதான் வரும்.

வேகத் தொடங்கும் வெப்பநிலை, கூழின் கெட்டித்தன்மை ஆகியவற்றையும் அப்புறம் பார்ப்பார்கள். அமைலோஸ் அளவு ஒன்றாக இருந்தும் ஒரு மாவு கல்லாகவும் இன்னொன்று மிருதுவாகவும் ஆவதுண்டு.

'ஒட்டுகிற அரிசியில் ஸ்டார்ச் அதிகம்' என்று பலர் நினைக்கிறார்கள். மொத்த ஸ்டார்ச் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு வகைகளின் விகிதம்தான் வேறு.