பிரிந்தவர் அதே வகுப்பில் இருந்தால்: பெயரில்லாத மூன்று சீட்டுகளுக்குப் பதில்

கேள்விப் பெட்டியில் மாணவர்கள் பெயர் எழுதாமல் போட்ட சீட்டுகளில் மூன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். முதல் சீட்டு நாலாக மடித்திருந்தது. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அதையும் அடித்து, கடைசியில் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்:

"ஒன்றரை வருடம் பழகினோம். பிரிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரே வகுப்பு, ஆய்வகத்திலும் ஒரே குழு. தினமும் கண்ணெதிரே. பாடத்தில் மனம் ஒட்டவே இல்லை. எப்படி மறப்பது?"

மறப்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மறக்க வேண்டும் என்று நினைக்கிற ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துவிட்டுத்தானே அதை நினைக்கிறீர்கள்? ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் காதில் விழுகிற அளவுக்கு நிம்மதி வந்தால் இப்போதைக்குப் போதும். அதற்கு வழி இருக்கிறது.

முதலில், இது உங்கள் மனவலிமைக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹெலன் ஃபிஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலித்தவர் விலகிப் போன பிறகும் மனம் விடாமல் தவித்த 15 பேருக்கு அந்தப் பழைய துணையின் படத்தைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். போதைப்பொருளுக்கு ஏங்கும்போது கிளறப்படும் பகுதிகள் அங்கே விழித்துக்கொண்டன. ஒருமுறை பார்த்துவிட்டால் தவிப்பு அடங்கிவிடும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? ஏக்கம் அப்படித்தான் பேசும். பார்த்த பிறகு அது இன்னும் கொஞ்சம் கேட்கும்.

எனவே எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்பதுதான் நீங்கள் கை வைக்க வேண்டிய இடம். வகுப்பில் கண்ணில் படுவது உங்கள் கையில் இல்லை, சரி. இரவு 11 மணிக்கு என்ன நடக்கிறது? போனை எடுக்கிறீர்கள். கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்க்கிறீர்கள். ஸ்டேட்டஸ். புதிதாக யாருடைய படத்துக்கு லைக் போட்டிருக்கிறார். அப்புறம் விரல் தானாகவே பழைய படங்களுக்குப் போகிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்கிறீர்கள். ஒரே ஒரு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வகுப்பில் நேரில் பார்த்ததைவிட இந்தக் கோடுகள் அதிகமாக இருந்தால், உங்கள் வேதனையில் பெரிய பங்கு உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது.

டாரா மார்ஷல் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 464 பேர் கலந்துகொண்டார்கள். பிரிந்தவரின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி நோட்டமிட்டவர்களிடம் வேதனையும் ஏக்கமும் அதிகமாகவே இருந்தன. வேதனைதான் பார்க்க வைக்கிறதா, பார்ப்பதுதான் வேதனையைக் கூட்டுகிறதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டில் நீங்கள் நேரடியாக நிறுத்தக்கூடியது பார்ப்பது ஒன்றுதான்.

ஒரே வகுப்பில் இருப்பதால் பிளாக் செய்வதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். அது வகுப்புக்கே செய்தியாகி, நாலு பேர் வந்து காரணம் கேட்பார்கள். மியூட் செய்யுங்கள், யாருக்கும் தெரியாது. பழைய படங்களை அழிக்க மனம் வராவிட்டால் ஒரு பென்டிரைவில் போட்டு, நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்துவிட்டு, போனில் இருப்பதை நீக்குங்கள். ஆனால் அவர் உங்களைத் தொந்தரவு செய்கிறார், மிரட்டுகிறார் என்றால் தயங்காமல் பிளாக் செய்து, வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். சின்ன விஷயம்தான், ஆனால் இதில் நிறைய அடங்கியிருக்கிறது. அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தால், கரும்பலகைக்கும் உங்களுக்கும் நடுவில் அவருடைய தலை. ஒவ்வொரு முறை பலகையைப் பார்க்கும்போதும் அவரையும் பார்த்தாக வேண்டும். முன் வரிசைக்குப் போய்விடுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும், அந்த அளவுக்கு முன்னால்.

ஆய்வகக் குழுவை மாற்ற முடியுமா என்று பொறுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. "தனிப்பட்ட காரணம், படிப்பு பாதிக்கிறது, வேறு குழுவில் சேர்த்துவிட முடியுமா?" என்ற அளவு போதும். முடியாது என்றால், யார் எந்த வேலை செய்வது என்று முன்கூட்டியே எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சு வேலையோடு நிற்கும். வராந்தாவில் எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குத்தான் தெம்பு அதிகம் செலவாகும். பொதுவான நண்பர்களிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்: "அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவும் என்னிடம் சொல்ல வேண்டாம்." பிறகு நீங்களும் கேட்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் ஈஸ்ட்விக்கும் சக ஆய்வாளர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2008-இல் எழுதினார்கள். பிரிந்தால் எவ்வளவு வலிக்கும் என்று மாணவர்கள் முன்பே கணித்ததைவிட, உண்மையில் பிரிந்தபோது வலி குறைவாகவே இருந்தது. அதிகமாகக் காதலித்தவர்களின் கணிப்புதான் அதிகமாகத் தப்பியது. 'இது என்றைக்கும் தீராது' என்று இன்று உங்கள் மனம் சொல்வதையும் அதே மாதிரி ஒரு கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்த்துவிடுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் அதே நாளில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள்.

இரண்டாவது சீட்டு முதலாண்டு மாணவருடையது. "மூன்று மாதம் ஆகிறது. எல்லோரும் கூட்டம் கூட்டமாகத் திரிகிறார்கள். எனக்கு மட்டும் யாரும் இல்லை. என்னோடு பேசினால் போர் அடிக்குமோ?"

முதல் சீட்டுக்காரரைப் பாடுபடுத்துகிற அதே அருகாமைதான் உங்களுக்கு மருந்து. லியோன் ஃபெஸ்டிங்கரும் இரண்டு சக ஆய்வாளர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று ஆராய்ந்து 1950-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரை நண்பர் என்றவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களுக்குள் அது 10 சதவீதம்தான். மாடிப்படி ஓரத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள், அவ்வளவு பேர் அந்த வழியே போய் வந்ததால். யார் கலகலப்பானவர் என்பதைக் காட்டிலும் யார் வழியில் யார் இருந்தார் என்பதே அங்கே அதிகம் பேசியது.

அதற்கு நேரமும் பிடிக்கும். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக உதவுவதில்லை. சும்மா பேசிச் சிரிக்கும் நேரம்தான் உதவுகிறது. மூன்று மாதம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்ததை வைத்து உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த மணிநேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

போர் அடிப்பேனோ என்ற பயத்துக்கும் பதில் உண்டு. முதன்முறை பேசிக்கொண்ட இருவரைத் தனித்தனியாகக் கேட்டால், எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 2018-இல் வெளியான ஆய்வு இது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. உங்கள் பக்கத்து அறையில் இருப்பவரும் உங்களைப் பற்றி இதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம், அதே ஆட்கள் வருகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். ஷட்டில், நாடகக் குழு, வாசகர் வட்டம், எதுவானாலும் சரி. அறைக்கதவை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். இரண்டாவது முறை பேச நேர்ந்தால் போன முறை அவர் சொன்ன ஒன்றை நினைவு வைத்துக் கேளுங்கள்: "அண்ணன் கல்யாணம்னு சொன்னீங்களே, முடிஞ்சுதா?" அங்கிருந்து பேச்சு தானாக நடக்கும்.

மூன்றாவது சீட்டில் ஒரே வரி: "போன் பாஸ்வேர்டைக் கொடு, அப்போதுதான் நம்புவேன் என்கிறான். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். உங்கள் போனில் உங்களுடையது மட்டும் இல்லை, தோழிகள் உங்களை நம்பிச் சொன்னதெல்லாம் இருக்கிறது. பாஸ்வேர்டை வாங்கிய பிறகு சந்தேகம் அங்கேயே நிற்பதும் அபூர்வம். எங்கே இருக்கிறாய் என்று லொகேஷன் கேட்பது, யாரோடு பேசலாம் என்று சொல்வது, உடுப்பில் தலையிடுவது என்று அது நீளும். "உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டைத் தர மாட்டேன்" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முகம் சுருங்கி, பிறகு ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். கத்தினாலோ, மிரட்டினாலோ, தன்னை ஏதாவது செய்துகொள்வேன் என்றாலோ அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். வீட்டிலோ கல்லூரியிலோ நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். பாஸ்வேர்டைத் தர மாட்டேன் என்று அவரிடம் சொல்லும் பேச்சை நாலு பேர் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் எங்கே போகிறீர்கள் என்று ஒரு தோழியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.