இரவு 2 மணிக்கு மட்டும் நெட் துண்டிக்கிறதா? அலாரம் பெட்டியைப் பாருங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவும் அம்மாவும் தனியாக இருப்பதால், கண்காணிப்பு மையத்தோடு இணைந்த திருட்டு அலாரம் ஒன்றைப் போன மாதம் வைத்தோம். அது லேண்ட்லைன் வழியாகத்தான் மையத்துக்குத் தகவல் சொல்கிறது. பிராட்பேண்டும் அதே லைனில்தான். அலாரம் வந்த நாளிலிருந்து நெட் விட்டுவிட்டு வருகிறது, போனில் இரைச்சல் கேட்கிறது. தினமும் இரவு 2 மணி வாக்கில் முழுவதுமாகப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்புகிறது. மோடத்தை மாற்றியும் பலனில்லை. அலாரத்தையே கழற்றிவிடலாமா?"

கழற்ற வேண்டாம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு. அந்தப் பெட்டி அங்கே இருந்தாக வேண்டும். மாற வேண்டியது வயர் போன வழி மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடி கொடுத்தது அந்த 2 மணி. இந்த மாதிரி அலாரம் பெட்டிகள் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று மையத்துக்குத் தெரிவிக்க, குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே ஒரு சோதனை அழைப்பு போடும். ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து அதை வைத்திருப்பார்கள். அழைக்கும்போது பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச், வீட்டிலுள்ள மற்ற போன்களை லைனிலிருந்து வெட்டிவிடும். திருடன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாலும் அலாரத்துக்கு லைன் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் வீட்டில் மோடமும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது என்று தெரிகிறது. போன்களோடு சேர்ந்து அதுவும் வெட்டுப்படுகிறது. அழைப்பு முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. மோடம் மறுபடி எக்ஸ்சேஞ்சைப் பிடிக்கத்தான் மீதி நேரம்.

பகலில் நெட் தடுமாறுவதற்கும் இரைச்சலுக்கும் காரணம் வேறு. ஒரே செம்புக் கம்பியில் நம் பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள் போகிறது. பிராட்பேண்ட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. இரண்டையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர் என்ற அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. அலாரம் நேராக லைனில் இருந்தால், அதிலுள்ள மின்னல் தடுப்புப் பாகங்களே பிராட்பேண்ட் சிக்னலைக் கொஞ்சம் தின்றுவிடும். ஸ்ப்ளிட்டரைத் தாண்டாத போன்களில் அந்த சிக்னல் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஸ்ப்ளிட்டர் அலாரத்துக்கு முன்னால் வர வேண்டும். வெளியிலிருந்து வரும் வயர் முதலில் ஸ்ப்ளிட்டரின் லைன் முனைக்கு. அதன் போன் முனையிலிருந்து அலாரம் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து வீட்டுப் போன்களுக்கு. மோடம் முனையிலிருந்து தனி வயர் நேராக மோடத்துக்கு. மோடம் உள்ளறையில் இருந்தால் தட்டையான போன் வயரை நீளமாக இழுக்காதீர்கள். முறுக்கிய ஜோடி வயர் போடச் சொல்லுங்கள், நெட்வொர்க் கேபிளில் ஒரு ஜோடி போதும். அலாரம் மையத்தோடு பேசும் ஒலிகள் எல்லாம் பேச்சின் அலைவரிசைக்குள்ளேயே இருப்பதால், ஸ்ப்ளிட்டரைத் தாண்டிப் போவதில் அதற்கு எந்தக் குறையும் வராது.

இதை நீங்களே செய்ய வேண்டாம். மூடியைத் திறந்தாலே சைரன் அலறும். உள்ளே 230 வோல்ட் வருகிறது. போன் லைனிலும் 48 வோல்ட் இருக்கும்; மணி அடிக்கும்போது இன்னும் கூடும். அலாரம் வைத்தவரையே கூப்பிடுங்கள். முதலில் மையத்துக்குச் சொல்லி 'சோதனை' நிலையில் போடச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அம்மாவுக்குத்தான் வீண் பதற்றம்.

வேலைக்கு முன்னும் பின்னும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜினைக் குறித்துக்கொள்ளுங்கள்; லைன் இன்னும் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்று காட்டும் அளவு அது. பல மோடங்களில், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். 6 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் லைன் தள்ளாடும். 10-க்கு மேல் வந்தால் நிம்மதி. அப்புறம் அவர் கிளம்புவதற்குள் அலாரத்தை ஒரு முறை அடிக்க வைத்து, மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிகிறதா என்று பாருங்கள். மையத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று போன் செய்து கேளுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெட் சரியாகி அலாரம் ஊமையாகிப்போனால் யாருக்கும் தெரியாது.

அவ்வளவும் செய்த பிறகும் மார்ஜின் ஏறவில்லையா? வெளிச்சுவரில் வயர் இணையும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இங்கே கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் அலாரத்தின்மேல் பழி போட்டு இரண்டு நாள் அலைந்தோம். கடைசியில் பார்த்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தொட்டதும் கம்பி ஒடிந்து கையோடு வந்தது. உப்புக் காற்று ஊர்களில் டேப் நிற்காது. ஜெல் நிரப்பிய கனெக்டர் போடச் சொல்லுங்கள், விலை சில ரூபாய்தான்.

ஃபைபருக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஃபைபர் பெட்டியின் போன் முனையில் பழைய அலாரத்தை மாட்டினால் அழைப்பு சில சமயம் போகும், சில சமயம் போகாது. கரண்ட் போனால், பேட்டரி வைக்காத ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும். புயல் மாதங்களில் நம் பக்கம் அது எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரியும். அலாரம் பெட்டியில் சிம் போடும் பாகத்தைச் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சிம் வழியாகச் சோதனை அழைப்பு ஒரு வாரம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகு செம்பு லைனைத் திருப்பிக் கொடுக்கலாம்.