மருத்துவ ஆய்வில் வாங்கும் ஒப்புதல் கையெழுத்து யாரைக் காப்பாற்றுகிறது?

உங்கள் தாயாரைப் புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்த்துக்கொள்ள மருத்துவர் விரும்புவதாகவும், 16 பக்கப் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பதாகவும், அந்தக் கையெழுத்து தாயாரைக் காப்பாற்றுமா மருத்துவமனையைக் காப்பாற்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். 32 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கடந்த ஆறு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில், ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில், மருத்துவமோ சட்டமோ படிக்காத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி ஒதுக்கியிருக்கும் இடத்தில் உறுப்பினராக இருக்கிறேன். நோயாளிக்குக் கொடுக்கப்படும் தமிழ்ப் படிவங்களை வாசித்துத் திருத்துவதே அங்கு என் முக்கிய வேலை. ஆய்வுகளின் விவரங்களை வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதால், நான் சொல்லப் போகும் நிகழ்வில் ஊர், நோய், மருந்து எதையும் குறிப்பிடவில்லை.

இன்று பெரும்பாலான படிவங்கள் எழுதப்படும் விதத்தில், அந்தக் கையெழுத்து முதலில் மருத்துவமனையையும் மருந்து நிறுவனத்தையும் காப்பாற்றுகிறது. தாயாரைக் காப்பாற்ற வேண்டியது கையெழுத்துக்கு முன் நடக்கும் பேச்சு. அந்தப் பேச்சு நம் மொழியில் எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

குழுவில் சேர்ந்தபின் நான் திருத்திய முதல் படிவம், "இந்த மருத்துவப் பரிசோதனையில் பங்கேற்க உங்களை அழைக்கிறோம்" என்று தொடங்கியது. ஆங்கில மூலத்தில் இருந்தது கிளினிக்கல் டிரையல். தமிழில் இரத்தப் பரிசோதனையும் பரிசோதனைதான், கண் பரிசோதனையும் பரிசோதனைதான், இன்னும் முடிவு தெரியாத மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதும் பரிசோதனைதான். இலவசக் கண் பரிசோதனை முகாம் என்று ஊர் ஊராகத் தட்டி வைத்துப் பழகிய நாட்டில், அந்த முதல் வரியைக் கேட்கும் ஒருவர் தம் உடம்பைச் சோதித்து நோயைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றுதான் எண்ணுவார். யாரும் பொய் சொல்லவில்லை. அகராதிப்படி மொழிபெயர்ப்பும் சரிதான். ஆனாலும் நோயாளி அறிய வேண்டிய முதல் உண்மை முதல் வரியிலேயே மறைந்துவிடுகிறது.

ஆய்வு நடக்கும் இடத்தைக் குழு உறுப்பினர்கள் அவ்வப்போது நேரில் சென்று பார்ப்பதுண்டு. அப்படி ஒருநாள், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவுக்கு ஒப்புதல் படிவம் வாசித்துக் காட்டப்படும்போது அருகில் அமர்ந்திருந்தேன். வாசித்தவர் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரியும் இளம்பெண். பொறுமையானவர், ஒரு வரியையும் விடாமல் வாசித்தார். பாதிப் பேருக்குப் புதிய மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுக்கப்படும் என்ற இடம் வந்ததும், அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "எனக்கு மருந்து உள்ள மாத்திரையாப் பாத்துக் குடு தாயி" என்றார். "யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாதும்மா, டாக்டருக்கும் தெரியாது" என்று அந்தப் பெண் உள்ளதைச் சொன்னார். அம்மா சிரித்துவிட்டார். "டாக்டருக்குத் தெரியாமலா குடுப்பாக?"

அதைத் தொடர்ந்து வாரிசின் பெயர் எழுதும் கட்டம் வந்தது. அவர் சிரிப்பு நின்று, "இது எதுக்கு?" என்று மகனைப் பார்த்தார். "கவர்மென்ட் ரூல்ஸ்மா, சும்மா போடுங்க" என்றார் மகன். அம்மா கையெழுத்திட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, நாள், நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எந்தத் தணிக்கையிலும் அந்தப் படிவம் குற்றமற்றது என்றே தேறும். அவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்தக் கட்டம் எதற்கு என்பதைச் சொல்லியிருக்கலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வால் ஒருவருக்கு உயிரிழப்பு நேர்ந்தால் வாரிசுக்கு இழப்பீடு தர வேண்டும். கணக்கிடும் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும் ஏற்கெனவே இருந்த நோயின் கடுமையையும் பொறுத்து அது கூடும், குறையும். உடலுக்குக் கேடு மட்டும் நேர்ந்தால், தேவைப்படும் வரையிலோ, அந்தக் கேட்டுக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று தெளிவாகும் வரையிலோ, சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். இவை நோயாளியின் உரிமைகள். "சும்மா போடுங்க" என்ற சொல்லில் அந்த உரிமையும் போய்விடுகிறது, இதில் உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்ற செய்தியும் போய்விடுகிறது. அந்த மகன்மீது எனக்குக் கோபம் இல்லை. தாயை அச்சுறுத்த எந்த மகனுக்கும் மனம் வராது. ஆனால் அவர் உதவியை நம்பி விளக்கத்தை விட்டுவிட்ட நாங்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

கையெழுத்து மட்டும் இருந்து ஒப்புதல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. தடுப்பூசி 10 முதல் 14 வயதுவரையான சிறுமிகளுக்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்தபின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகள் தடுப்பூசியால் நேர்ந்தவை என்று விசாரணையில் நிறுவப்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடுப்பூசி நம் பெண் பிள்ளைகளுக்குத் தேவை என்றே நான் நம்புகிறேன். ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையில், ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்ததும், 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததும் பதிவாகியுள்ளன. தாய் தந்தை உயிரோடு இருக்கும் பிள்ளைக்காகக் காப்பாளர் ஒப்புக்கொள்வது எப்படி ஒப்புதலாகும்? நல்ல தடுப்பூசி ஒன்றின்மீது பல ஆண்டுகள் நீடித்த அவநம்பிக்கை விழுந்ததில் அந்தப் படிவங்களுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

இதைவிடச் சிக்கலான எடுத்துக்காட்டு திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அதைப் பற்றி எனக்கே இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், புற்றுநோயாக மாறக்கூடிய பகுதி வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம், பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. இந்த எளிய சோதனை உயிரிழப்பைக் குறைக்கிறதா என்று அறிய, 2000ஆம் ஆண்டு முதல் மாவட்டத்தின் பகுதிகளை 114 தொகுதிகளாக (தேர்தல் தொகுதிகள் அல்ல) எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்து, 57 தொகுதிகளில் சோதனை செய்தார்கள். எஞ்சிய 57 தொகுதிகளில் சோதனை இல்லாமல் வழக்கமான மருத்துவ வசதியோடு விட்டுவிட்டார்கள். ஒப்பிடுவதற்காக அப்படி விடப்பட்ட பெண்கள் 30,958 பேர். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த தொகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. சோதனை இல்லாத தொகுதிகளில் அந்த நோயால் இறந்தவர்கள் 92 பேர்.

ஆய்வாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அந்தச் சோதனை நம் கிராமச் சூழலில் பயன்தரும் என்பதற்கு அன்று உறுதியான சான்று இல்லை. ஆய்வு நடக்காவிட்டால் அந்த 114 தொகுதிகளிலும் எந்தப் பெண்ணுக்கும் ஒழுங்கான சோதனை கிடைத்திருக்காது. அந்த முடிவின் பயனை இன்று எத்தனையோ பெண்கள் அடைகிறார்கள். எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. மேலை நாடுகளில், கருப்பை வாயின் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையால் இந்த நோய் வெகுவாகக் குறைந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. அங்குள்ள பெண்களை இப்படிச் சோதனையின்றி ஒப்பீட்டுக்கு விட எந்தக் குழுவும் ஒப்புதல் தந்திராது என்று மருத்துவர்கள் சிலர் வாதிட்டார்கள். மும்பையிலும் உஸ்மானாபாதிலும் நடந்த இதே போன்ற ஆய்வுகள் குறித்தும் அந்த விவாதம் நீண்டது. எங்கள் குழுவுக்கு அத்தகைய ஆய்வு ஒன்று இன்று வந்தால் நான் ஒன்றையே கேட்பேன்: சோதனை இல்லாத தொகுதியில் இருக்கும் பெண்ணிடம், "உங்களுக்கு இந்த நோய் வரக்கூடும், அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனை இருக்கிறது, அது இன்ன ஊரில் கிடைக்கும், நாங்கள் உங்களுக்கு அதைச் செய்யப் போவதில்லை" என்று தமிழில் சொல்ல உங்களால் முடியுமா? அந்த வாக்கியத்தை அவள் முகம் பார்த்துச் சொல்ல முடியாத ஆய்வுக்கு நான் கை தூக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல், ஆய்வாளரும் சிகிச்சை தருபவரும் ஒரே மருத்துவராக இருப்பது. மருந்து நிறுவனம் நடத்தும் ஆய்வில், சேர்க்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் வருவது வழக்கம். அது குற்றம் அன்று, செலவு இருக்கிறது, ஒப்பந்தமும் குழுவின் பார்வைக்கு வருகிறது. ஆனால் பத்து ஆண்டுகளாகத் தம் நோய்க்கு மருந்து எழுதித் தருபவர் ஒரு தாளை நீட்டும்போது, மறுத்தால் நாளைக்கு எப்படிப் பார்ப்பாரோ என்ற அச்சம் எளிய மனிதருக்கு இயல்பாக வந்துவிடுகிறது. படிவத்தின் எட்டாம் பக்கத்தில் "எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகலாம்" என்று அச்சிட்டிருப்பது அந்த அச்சத்தைப் போக்குவதில்லை.

என்னால் முடிந்தது சிறிய வேலைதான். "ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்" என்று வந்த இடங்களில் எல்லாம் "பங்கேற்பாளர்" என்று மாற்றினேன். மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான உலகளாவிய ஆவணமான ஹெல்சிங்கிப் பிரகடனமே 2024 திருத்தத்தில் அப்படித் தன் சொல்லை மாற்றிக்கொண்டபோது எனக்குப் பெருமகிழ்ச்சி. முதல் பக்கத்தின் "மருத்துவப் பரிசோதனை" என்ற தொடரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் ஒரு மருந்து பலன் தருவதை "மருந்து கேட்கிறது" என்று சொல்கிறோம். அதனால், "இந்த மருந்து உங்கள் நோய்க்குக் கேட்குமா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு" என்று எழுதினேன். இப்படி எழுதினால் யாரும் சேர மாட்டார்கள் என்று ஒரு மருத்துவர் கூட்டத்தில் மறுத்தார். இரண்டு கூட்டங்கள் விவாதம் நடந்து, அந்த வரி நின்றது. சேர்பவர்கள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தெரிந்து சேரும் மனிதருக்குக் கூட்டுப் பணி என்ற மதிப்பும் இருக்கிறது. தெரியாது என்று ஒளிக்காமல் சொன்ன மருத்துவரை அவர்கள் கூடுதலாகவே நம்புகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தாயார் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வில் சேர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவும் யாரோ ஒப்புக்கொண்டு உடம்பைக் கொடுத்ததால் வந்தவை. அன்றே கையெழுத்திடாமல், படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, அவருக்குப் புரியும் பேச்சில் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஆய்வில் சேராவிட்டால் இந்த நோய்க்கு இப்போது என்ன சிகிச்சை தருவீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாக் கேள்விகளிலும் இதுவே முதன்மையானது. மருந்தில்லாத மாத்திரை பெறும் பிரிவு உண்டா, இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா, ஆய்வு முடிந்தபின் அந்த மருந்து பலன் தந்திருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்; 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்கு அது கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையெழுத்திட்டால், நிரப்பிய படிவத்தின் ஒரு பிரதியை வாங்காமல் வராதீர்கள். அதைத் தர வேண்டும் என்பது விதி.

அந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். ஐயம் எதுவானாலும் அந்த எண்ணை அழைக்கலாம். என் ஆறு ஆண்டுகளில் எங்கள் எண்ணுக்கு நோயாளிகளிடமிருந்து வந்த அழைப்புகள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று, ஆய்வில் சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது. மகளின் பேறுகாலத்துக்கு வெளியூர் போக வேண்டும், இரண்டு மாதம் மருத்துவமனைக்கு வர முடியாது, விலகிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக விலகலாம், காரணமே சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது என்று அலுவலர் சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: "அதைக் கொஞ்சம் நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுறீங்களா?"