புற்றுநோய் என்று வசூல், பணம் வந்தது என் ஜிபே எண்ணுக்கு: நான் மாட்டுவேனா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மொபைல் கடை வைத்திருக்கிறார், ஊர் இளைஞர் மன்றத்தின் பொருளாளர். போன வருடம் அதே ஊர்ப் பெண் ஒருவர், தனக்கு ரத்தப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைக் காட்டி உதவி கேட்டாராம். தன் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று அவர் சொன்னதால், வாசகரின் ஜிபே எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். 3,86,000 ரூபாய் சேர்ந்தது. 3,45,000 ரூபாயை, பாதி கணவரின் கணக்கிலும் மீதி கையில் ரொக்கமாகவும், கொடுத்துவிட்டார். 41,000 இன்னும் இவர் கணக்கில் இருக்கிறது. அப்புறம் நர்சாக வேலை பார்க்கும் சித்தி மகள் கடிதங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். மூன்று மாத இடைவெளியில் வந்த இரண்டு கடிதங்களிலும் டாக்டரின் கையெழுத்தும் சீலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், சீலின் ஓரத்தில் அதே எழுத்து அதேபோல் உடைந்து இருக்கிறது. இப்போது கல்ஃபில் இருந்து பணம் அனுப்பியவர்கள் இவரைத்தான் கேட்கிறார்கள். என் மேல் கேஸ் வருமா, பணம் திரும்பக் கிடைக்குமா, பையன்கள் அவள் படத்தோடு பிளெக்ஸ் வைக்கப் போகிறார்கள், வைக்கலாமா, ஊர்ப் பெரியவர்கள் போலீசுக்குப் போகாதே, பேசித் தீர்ப்போம் என்கிறார்கள், கேட்கலாமா என்பது கடிதம்.

தம்பி, கேஸ் பயத்தை முதலில் பார்ப்போம், உங்கள் கடிதத்தில் பாதி அதுதான். ஏமாற்றிப் பணம் பறிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318(4), பழைய 420தான், 7 ஆண்டு வரை சிறை. ஆனால் அது குற்றமாக வேண்டுமென்றால் பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், இதை உச்ச நீதிமன்றம் 2000இல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் நம்பி வாங்கினீர்கள், வந்ததைக் கொடுத்தீர்கள், அதனால் சட்டப்படி நீங்களும் ஏமாந்தவர்தான். ஆனால் பணம் கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் பெயரும் உங்கள் எண்ணும் மட்டும்தானே. துபாயில் இருப்பவரோ பாறசாலையில் இருப்பவரோ கோபத்தில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்து உங்கள் எண்ணைக் கொடுத்தால் முடங்கப் போவது உங்கள் கடைக் கணக்கு. அப்புறம் அதைத் திறக்க நீங்கள் அலைய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இந்த வழக்கில் முதல் புகார் உங்களுடையதாக இருக்க வேண்டும். யாராவது கொடுக்கட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் நீங்கள் சாட்சியாக நிற்க வேண்டிய இடத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேரும்.

அந்த 41,000 ரூபாயில் ஒரு பைசா தொடாதீர்கள். அவசரத்துக்கு எடுத்து அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நம்பிக்கை மோசடி, பிரிவு 316, 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பெண்ணுக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் இஷ்டத்துக்கு நாலு பேருக்குத் திருப்பியும் கொடுக்காதீர்கள். புகாரிலேயே இத்தனை ரூபாய் என்னிடம் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது வாங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் எந்தத் தேதியில் ஏடிஎம்மில் எடுத்தீர்கள், யார் கூட வந்தார்கள், வாங்கியபின் அந்தப் பெண் அனுப்பிய 'கிடைச்சிட்டு அண்ணா' குரல் பதிவு இருக்கிறதா, இதையெல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது சந்தேகம். வலுவான சந்தேகம்தான், ஆனால் முடி கொட்டவில்லை, கல்யாண வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசினாள் என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஆதாரமே இல்லை. எல்லாப் புற்றுநோய் மருந்துக்கும் முடி கொட்டாது. கடிதம் போலியாக இருந்தும் நோய் உண்மையாக இருக்கலாம். நோயாளியின் கோப்பை ஆஸ்பத்திரி உங்களிடம் காட்டாது, காட்டவும் கூடாது. பையன்களை வண்டியில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்கு விசாரிக்க அனுப்ப வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்கீழ் போலீஸ் கேட்டால் ஆஸ்பத்திரி ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும், அது வந்தால் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும்.

பிளெக்ஸ் கூடவே கூடாது. அவதூறு, பிரிவு 356, 2 ஆண்டு வரை சிறை உண்டு. இதே குற்றச்சாட்டை நல்லெண்ணத்தோடு போலீசில் எழுதிக் கொடுத்தால் அது அவதூறு ஆகாது, சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது?

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதில் தப்பில்லை, ஆனால் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ராத்திரி அந்தப் பெண்ணையும் கணவரையும் மன்றக் கட்டிடத்தில் உட்காரவைத்து, வெறும் முத்திரைத்தாளிலும் காசோலையிலும் கையெழுத்து வாங்குவதை நம் மாவட்டத்தில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன்! அடைத்து வைத்தல், மிரட்டிப் பறித்தல் என்று வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். தவிர, 318(4) வழக்கை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம், ஆனால் அந்த உரிமை ஏமாற்றப்பட்டவருக்கு. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்து 200 ரூபாய் போட்ட அக்காவுக்கும் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் அந்த உரிமை உண்டு, பெரியவர்கள் நாலு பேர் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தது 336(3), அதற்கும் 7 ஆண்டு வரை உண்டு, அது சமரசத்துக்கு உரிய குற்றமே இல்லை.

நோய் இருப்பதாகப் பொய் சொன்னால் அது குற்றமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொய் மட்டும் என்றால் இல்லை, அதை நம்பி ஒருவர் பணம் கொடுக்கும்போதுதான் குற்றம். வெளிநாட்டிலும் இப்படி வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அமாண்டா ரைலி என்ற பெண் இல்லாத புற்றுநோயைச் சொல்லிப் பல ஆண்டுகள் நன்கொடை வாங்கினார், 2022இல் 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது, அதுவும் பண மோசடிக்காகத்தான்.

பணம் திரும்புமா? முழுசாக வரும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசில்லை. அந்தப் பணத்தில் வண்டியோ நகையோ வாங்கியிருந்தால் போலீஸ் நீதிமன்றத்தில் மனு போட்டு முடக்க முடியும், அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவின்படி ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. தண்டனை கொடுக்கும்போது இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். தனியாக சிவில் வழக்குப் போடுவதானால் மோசடி தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ஆனால் ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்தவர் அதற்காக கோர்ட்டுக்கு நடப்பது கட்டுப்படியாகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் குழுவைக் கலைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள், போனில் இருப்பதை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அந்தப் போன் வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் முழுசாக எடுங்கள். வந்தது, கொடுத்தது, மிச்சம் என்று ஒரு தாளில் கணக்கெழுதி, இரண்டு கடித நகல்களையும் சேர்த்து உங்கள் பகுதி காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் நாகர்கோவிலில் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாத நன்கொடையாளர்கள் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம், 15100க்கும் அழைக்கலாம், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

புகார் கொடுத்த அன்றைக்கே குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: சந்தேகம் வந்திருக்கிறது, புகார் கொடுத்திருக்கிறேன், கணக்கு இது, மீதி 41,000 என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ போடாமல் இவ்வளவு மட்டும். கல்ஃபில் இருந்து கேட்பவர்களுக்கும் இதையே அனுப்புங்கள்.